5 ஸ்டார் ஏசி போட்டும் பிசுபிசுப்பு போகவில்லை: கடலோர வீட்டு ஏசி பற்றி ஓர் இழை

திருவான்மியூர் வாசகரின் கேள்வி, 7 ஜூலை 2024

படுக்கையறை 12க்கு 11 அடி, மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. பழைய 1.5 டன் ஏசியைக் கழற்றிவிட்டு 2 டன் 5 ஸ்டார் இன்வர்ட்டர் போட்டோம். பெரிதாக இருந்தால் சீக்கிரம் குளிரும் என்று கடையில் சொன்னார்கள். குளிரவும் செய்கிறது. ஆனால் 26-ல் வைத்தால் உடம்பு பிசுபிசுக்கிறது, தலையணை உறை ஈரமாக இருப்பது போல் இருக்கிறது. 23-க்கு இறக்கினால் அம்மாவுக்குக் கால் விறைக்கிறது, பிசுபிசுப்பு மட்டும் போகவில்லை. மெக்கானிக் வந்து பார்த்து கேஸ் குறைவு, நிரப்ப வேண்டும் என்கிறார். பழைய ஏசியே தேவலாம் என்பது என் கட்சி. ஸ்டார், இன்வர்ட்டர் எல்லாம் விற்பதற்கான பேச்சு.

7 ஜூலை 2024, இரவு

கேஸ் நிரப்பாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

சீக்கிரம் 23-க்கு இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேஸ் குறைந்த ஏசி அப்படி ஓடாது. மணிக்கணக்காக ஓடியும் அறை குளிராது. பல நேரம் கூலிங் காயிலின், அதாவது அறைக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதியின், ஒரு ஓரத்தில் மட்டும் வெண்மையாக ஐஸ் கட்டும். கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் அதே மெக்கானிக், அதே பில்.

பெரிய ஏசி வாங்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். முதல் மாடியில், மேலே இன்னொரு வீடு வெயிலைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது, 132 சதுர அடி அறைக்கு 1 டன் போதும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, மேற்குச் சுவர் வெயில் என்றால் 1.5. இரண்டு டன் அந்த அறைக்கு வேலையே இல்லாமல் நிற்கிறது.

நாளைக்கே ஒரு ஈரப்பத மீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். கட்டில் பக்கத்தில், ஏசிக் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். ஏசி ரிமோட்டில் தெரியும் எண் வெப்பநிலையை மட்டும் சொல்கிறது. நம் ஊரில் பாதிக் கதை ஈரத்தில் இருக்கிறது.

8 ஜூலை 2024

"ஈரம் என்றால் என்ன பெரிய ஈரம், சின்ன அறைதானே" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

12க்கு 11, உயரம் 10 அடி. சுமார் 37 கன மீட்டர் காற்று. சென்னையில் ஜூலை மாலை 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் தண்ணீர் இருக்கும். அறை முழுவதும் சேர்த்து 850 கிராம். அதை 24 டிகிரி, 55 சதவீதம் என்ற சுகமான நிலைக்குக் கொண்டுவந்தால் கன மீட்டருக்கு 12 கிராம்தான் மிச்சம் இருக்க வேண்டும். ஆக, எடுக்க வேண்டியது 400 மில்லி. அரைப் பாட்டில்கூட இல்லை.

அப்படியானால் ராத்திரி முழுக்க ட்ரெய்ன் பைப்பில் வாளி வாளியாக வருவது எங்கிருந்து? அதைத்தான் யாரும் கேட்பதில்லை. கதவுக்குக் கீழே விரல் நுழையும் சந்து இருந்து, ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று ஒரு முறை மாறினால், அதே 400 மில்லி ஒவ்வொரு மணிக்கும் புதிதாக உள்ளே வருகிறது. தூங்குகிற ஆள் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து மணிக்குச் சுமார் 40 கிராம். குளியலறைக் கதவு திறந்திருந்தால் அது தனி. மழை என்று சொல்லி அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டால் லிட்டர் கணக்கில்.

ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக்க ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 0.68 யூனிட். மின்சாரமாக அவ்வளவு இழுக்காது. நல்ல ஏசி அதற்கு 0.2 யூனிட் அளவில் செலவழிக்கும். ஆனால் இரவு முழுக்கப் பெருக்கிப் பாருங்கள். பத்து ரூபாய் ஸ்பாஞ்சு பட்டையைக் கதவடியில் ஒட்டுவது ஒரு ஸ்டாருக்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான்.

10 ஜூலை 2024

ஸ்டார் விற்பனைப் பேச்சு என்ற கட்சிக்கு வருகிறேன். அதை ஏற்க மாட்டேன். ஆனால் ஸ்டார் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

2018 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் ஸ்டார் கொடுப்பது ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணை வைத்து. ஆண்டு மொத்தத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏசி எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதுதான் அந்த எண். வெளியில் 24 முதல் 43 டிகிரி வரை ஒவ்வொரு வெப்பநிலையும் ஆண்டில் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று பிரித்து, மொத்தம் 1600 மணி நேரத்துக்குக் கணக்கிடுகிறார்கள். 2018-ல் 5 ஸ்டாருக்கு 4.5 இருந்தால் போதும். 2022 ஜூலையில் அதை 5 ஆக உயர்த்தினார்கள். அதாவது பழைய 5 ஸ்டாரில் பல அப்போது 4 ஸ்டார் ஆகிவிட்டன. பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது நட்சத்திரத்தை எண்ணாமல் அந்த எண்ணைப் பாருங்கள்.

சோதனை அறையில் உள்ளே இருக்கும் காற்று 27 டிகிரி, ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது, 19. ஈரப்பதமாக மாற்றினால் 47 சதவீதம் அளவு. திருவான்மியூரில் ஜன்னலைத் திறந்து வைத்த எந்த வீட்டில் ஜூலை மாலை 47 சதவீதம் இருக்கிறது?

அடுத்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கம்பெனிகள் செய்வது என்ன? காயிலைப் பெரிதாக்குவார்கள். சுமை குறைந்ததும் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைப்பார்கள், இன்வர்ட்டர் ஏசி என்பது இதுதான். இரண்டாலும் காயிலின் குளிர்ச்சி குறையும். பழைய ஏசி ஓடும்போது காயில் 10 டிகிரி பக்கத்தில் இருக்கும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது போலக் கொட்டும். உங்கள் 2 டன் இன்வர்ட்டர் சின்ன அறையில் மெல்ல ஓடும்போது காயில் 17, 18-ல் நிற்கலாம். 18-ல் நிற்கும் காயில், காற்றின் பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும் வெப்பநிலையை, 18-க்குக் கீழே இறக்கவே முடியாது. அது 26 டிகிரி அறையில் 61 சதவீதம். எல்லாக் காற்றும் காயிலைத் தொடுவதில்லை, கதவுச் சந்து வழியாகப் புது ஈரமும் வந்துகொண்டே இருக்கிறது. எனவே 70-க்கு மேலேயே நின்றுவிடும். மின்சாரம் மிச்சமாகிறது, பிசுபிசுப்பும் மிச்சமாகிறது.

இதனால் இன்வர்ட்டர் வேண்டாம் என்று ஆகாது. அறைக்குச் சரியான அளவு இன்வர்ட்டர் வாங்கினால் அது கொஞ்சம் உழைத்தே ஓடும், காயிலும் குளிர்ந்தே இருக்கும், தண்ணீரும் வரும்.

11 ஜூலை 2024

இன்றிரவே செய்யக்கூடியது: ஃபேன் வேகத்தைக் குறைந்ததில் வையுங்கள். டர்போவில் வைத்தால் காற்று காயிலை விரைந்து கடக்கிறது, காயில் சூடாகிறது, ஈரம் தப்பிக்கிறது. 25 அல்லது 26 டிகிரி, மேலே சீலிங் ஃபேன் ஒன்றிலோ இரண்டிலோ. அம்மாவுக்குக் கால் விறைக்காது. படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம், ஈரம் எடுக்க ரிமோட்டில் இருக்கும் டிரை மோடில் ஓட்டிவிட்டுப் பிறகு கூலுக்கு மாற்றுங்கள்.

14 ஜூலை 2024

திருவான்மியூர் வாசகர் மீட்டர் வாங்கி 78 சதவீதம் என்று எழுதியிருக்கிறார், 25 டிகிரியில். நான் நினைத்ததைவிட அதிகம். அளவு பெரிது என்பது மட்டும் காரணமாக இருக்காது. பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு, காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

20 ஜூலை 2024

அவர் அனுப்பிய படம் எனக்கு வியப்பாக இல்லை. பல வருடம் ஒரு அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்த்தவன் நான். இந்தப் படத்தை எத்தனையோ அறைகளில் நேரில் பார்த்திருக்கிறேன். படம் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

இண்டோர் யூனிட்டின் வாயில் அந்தக் கிடைமட்ட இதழ்களை விரலால் மெல்லத் திறந்தால், உள்ளே நீளமான உருளை தெரியும். அதுதான் ப்ளோயர். உருளை முழுக்க ஆளின் நகம் அகலத்துக்கு வளைந்த பிளாஸ்டிக் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தகட்டின் உள்வளைவிலும் கறுப்புப் புள்ளிகள், புள்ளிகள் சேர்ந்த இடத்தில் மைதா மாவு பிசைந்த மாதிரி சாம்பல் நிறப் படலம். காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு தகட்டைத் துடைத்தால் பஞ்சு கறுப்பாகிவிடும், அடுத்த தகடு அப்படியே இருக்கும். பூஞ்சையும் தூசியும் சேர்ந்து வளைவை நிரப்பிவிட்டால் அந்தத் தகடு காற்றைத் தள்ளாது. ஏசி போட்டதும் வரும் ஊறிய துணி வாடையும் இங்கிருந்துதான்.

அவர் வீட்டில் புது ஏசிக்கு இது எப்படி வந்தது என்றால், இடையில் வீட்டில் டைல்ஸ் வேலை நடந்திருக்கிறது. சிமென்ட் தூசி உள்ளே போய், ஈரத்தில் ஒட்டி, அதன்மேல் பூஞ்சை.

சர்வீஸ் என்று வருபவர்கள் பெரும்பாலும் ஃபில்டரைக் கழுவி, முன்பக்கம் காயில் மேல் தண்ணீர் பீய்ச்சிவிட்டுக் கிளம்புவார்கள். ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் இருக்கிறது, அதில் ஒரு சொட்டும் படுவதில்லை. "ப்ளோயரைக் கழுவுவீர்களா?" என்று போன் செய்யும்போதே கேளுங்கள். பையைக் கட்டி, பி.சி.பி. என்ற மின்னணு போர்டை மூடி, இதழ்களைக் கழற்றி, ஜெட் பம்ப்பால் உருளையைச் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். பையில் விழும் தண்ணீர் முதலில் கறுப்பாக வரும். தெளிவாக வரும்வரை அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். கடலோரத்தில் இது ஆண்டுக்கு இரண்டு முறை வேண்டும். கோடைக்கு முன் ஒன்று, மழைக்கு முன் ஒன்று. ஃபில்டரை நீங்களே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் கழுவிவிடலாம்.

21 ஜூலை 2024

பூஞ்சை வராமல் இருக்க ஏசியை அணைக்கும் முன் அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டிக் காயிலை உலர்த்தலாமா என்று கேட்டிருக்கிறார்கள். சில ஏசிகள் அணைத்த பிறகு தாங்களாகவே இதைச் செய்கின்றன.

செய்யலாம். எப்போது என்பதுதான் கேள்வி. ஃப்ளோரிடா நம்மைப் போலவே புழுங்கும் ஊர். அங்கே ஃப்ளோரிடா சூரிய ஆற்றல் மையம் இதை ஆராய்ந்தது. கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால், காயிலில் தங்கிய தண்ணீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்புகிறது. கம்ப்ரஸர் கொஞ்ச நேரமே ஓடி அடிக்கடி நிற்கும் நிலையில், எடுத்த ஈரத்தில் பெரும்பகுதியை இப்படித் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நம் ஸ்ப்ளிட் ஏசிகள் கூல் மோடில் அநேகமாக இப்படித்தான் ஓடுகின்றன. டிரை மோடில் ஃபேன் நிற்கும் அல்லது மிக மெதுவாகும். டிரை மோடை நான் பரிந்துரைத்ததற்கு இதுவும் காரணம்.

ஆகவே காலையில் எழுந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அதன் பிறகு ஃபேன் மோடில் உலர்த்துங்கள். ஈரம் வெளியே போகும், இரவெல்லாம் மூடிக் கிடந்த அறைக்கு நல்ல காற்றும் வரும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கும் காற்றையேதான் சுற்றுகிறது.

4 ஆகஸ்ட் 2024

பெரம்பூரிலிருந்து ஒருவர்: இண்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழிகிறது, பெயின்ட் உப்பிவிட்டது.

பத்தில் எட்டு வீட்டில் ட்ரெய்ன் பைப் அடைப்புதான். காயிலில் படிந்த தூசி தட்டில் விழுந்து, வழவழப்பான பாசியாகிக் குழாயை அடைக்கும். வெளிப்பக்க முனையில் வாயால் ஊதாதீர்கள், காற்று பம்ப் போதும். குழாய் ஒரே சீராகக் கீழ்நோக்கி இறங்குகிறதா, நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். முனை வாளித் தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது.

அது சரியாக இருந்தும் சுவர் நனைந்தால் காப்பர் பைப்பின் மேலுறையைப் பாருங்கள். ஸ்ப்ளிட் ஏசியில் கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் கேபிலரி என்ற நுண்குழாயோ வால்வோ அவுட்டோரில் இருக்கிறது. அதனால் உள்ளே வரும் தடித்த பைப் மட்டும் அல்ல, மெல்லிய பைப்பும் குளிர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாகக் கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை வேண்டும். மெல்லியதற்குச் சூடு இருக்கும், உறை வேண்டாம் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. ஃபால்ஸ் சீலிங்குக்குள் அது மாதக்கணக்கில் வேர்த்து, ஒரு நாள் ஜிப்சம் பலகை ஊறிப்போய் விழும். சுவர் ஓதம் என்று மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் செய்து ஏமாந்தவர்களைத் தெரியும்.

ட்ரெய்ன் பைப்பில் வரும் தண்ணீரை, கரண்ட் போனால் ஓடும் வீட்டு இன்வர்ட்டரின் பேட்டரிக்கு ஊற்றலாமா என்றும் கேட்டார். வேண்டாம். ஆவியிலிருந்து வந்தாலும் காயிலின் அலுமினியம், செம்பு, தூசி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ நன்றாகப் பயன்படும்.

25 ஆகஸ்ட் 2024

திருவான்மியூர்க்காரர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். 2 டன்னை ஹாலுக்கு மாற்றிவிட்டு, படுக்கையறைக்கு 1 டன் இன்வர்ட்டர் வாங்கப் போகிறார். ஹால் 20க்கு 14, சாப்பாட்டு மேஜையும் அதிலேயே. நல்ல முடிவு.

மாற்றும்போது கவனிக்க வேண்டியதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நம் ஊரில் ஏசிகள் சீக்கிரம் சாவது இந்த இடத்தில்தான்.

கழற்றும் முன் கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்க வேண்டும். ஏசி ஓடும்போதே மெல்லிய பைப்பின் வால்வை மூடி, உள்ளே இருப்பது அவுட்டோருக்குப் போனதும் தடித்த பைப்பின் வால்வையும் மூடி, உடனே அணைப்பார்கள். நன்கு தெரிந்த கைக்கு ஒன்றிரண்டு நிமிட வேலை. அப்படியே காற்றில் திறந்துவிடும் ஆட்களை வீட்டுக்குள் விடாதீர்கள். புது ஏசிகளில் வரும் ஆர்-32 என்ற கேஸ் மெல்ல எரியக்கூடியது. போதாததற்கு, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது.

புது இடத்தில் பொருத்தியதும் வேக்யூம் போட வேண்டும். பம்ப்பை மாட்டி, பைப்பில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, மீதமுள்ள அழுத்தத்தைக் காட்டும் மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே வந்து, பம்ப்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். நடைமுறையில் பலர் செய்வது என்ன? ஒரு நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கேஸைச் 'சுஸ்' என்று விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு, முறுக்கிவிடுகிறார்கள். பழைய கேஸான ஆர்-22 காலத்து மினரல் ஆயிலோடு இது எப்படியோ ஓடியது. ஆர்-410ஏ, ஆர்-32 ஏசிகளில் இருப்பது வேறு வகைச் செயற்கை ஆயில், தண்ணீரைப் பார்த்தால் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய தண்ணீர் உள்ளே அமிலமாகி கம்ப்ரஸர் காயிலைத் தின்னும். 80 சதவீத ஈரக்காற்றில் திறந்து கிடந்த பைப்பை வேக்யூம் இல்லாமல் மூடுவது, கம்ப்ரஸருக்குள் ஈரத்தை வைத்துப் பூட்டுவது. உடனே தெரியாது. வாரண்டி முடிந்த பிறகு தெரியும்.

வருபவர் பம்ப் கொண்டுவந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பம்ப் வண்டியிலேயே இல்லை என்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

ஆர்-22 பழைய ஏசி வைத்திருப்பவர்களுக்கு: அதில் ஆர்-32 நிரப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கதவைச் சாத்துங்கள். அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல், ஆயிலும் ஒத்துவராது. ஆர்-22-ஐ 2030 வாக்கில் சிறு சர்வீஸ் அளவு தவிர விலக்குவது என்று, ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையில் நம் நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது. காயில் ஓட்டையான ஆர்-22 ஏசிக்கு இனிப் பெரிய செலவு செய்வதில் அர்த்தம் இல்லை.

16 அக்டோபர் 2024

நேற்று முழுக்க மழை. மூன்று பேர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்: வெளியே குளிர்ச்சியாக இருக்கிறது, ஏசி ஓடமாட்டேன் என்கிறது, ஆனால் பீரோவுக்குள் பூஞ்சை வாடை.

மழை நாளில் 26 டிகிரி, 95 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 23 கிராம் தண்ணீர். மேலே ஜூலை மாலைக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள், அதே 23. காற்றில் தண்ணீர் குறையவில்லை, வெயில்தான் குறைந்திருக்கிறது. ஏசிக்கு வெயில் மட்டும்தான் தெரியும். அறை ஏற்கெனவே 26-ல் இருப்பதால் கம்ப்ரஸரை ஓட்டக் காரணம் இல்லை என்று நின்றுவிடுகிறது.

டிரை மோடு ஓரளவு உதவும். ஆனால் அறை குளிர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் அதுவும் நின்றுவிடும். இந்த இரண்டு மாதத்துக்கு உண்மையான தீர்வு, காற்றின் ஈரத்தை மட்டும் எடுக்கும் டீஹ்யூமிடிஃபையர்தான், கம்ப்ரஸர் உள்ளது. எடுத்த ஈரத்தின் வெப்பத்தையும் தான் இழுக்கும் மின்சாரத்தின் வெப்பத்தையும் அறைக்குள்ளேயே விடும். மே மாதத்தில் தாங்க முடியாது, நவம்பரில் அந்தச் சிறு சூடு இதமாகவே இருக்கும். கம்ப்ரஸர் இல்லாமல் கைப்பிடி அளவில் விற்கும் டப்பாக்கள் நாளெல்லாம் ஓடிக் கால் லிட்டர் பக்கம்தான் எடுக்கும். ஒரு ஆள் ஓர் இரவு தூங்கினாலே அதற்கு மேல் விடுகிறார்.

என் வீட்டில் பட்டுப் புடவை பீரோ இருக்கும் அறையை மட்டும் மூடி, அதில் மெஷினை ஓட்டுகிறேன். 60 சதவீதத்துக்கு வந்ததும் தானே நின்றுவிடும்படி வைத்திருக்கிறேன். வீடு முழுவதையும் உலர்த்த முயன்றால் ஜன்னல் வழியாகக் கடலை இறைக்கிற வேலைதான்.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. தரைத்தளத்தில் அவுட்டோர் யூனிட் முங்கியிருந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். மெயின் போர்டில் எம்.சி.பி. என்ற ட்ரிப் சுவிட்சை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிட்டு, போர்டைக் கழற்றி உலர்த்தி, எர்த் சரிபார்த்த பிறகே போட வேண்டும். முங்காதவர்களும் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மழைக்கு ஒதுங்கும் பல்லி பி.சி.பி. போர்டின் மேல் குறுக்கே படுத்தால் பல ஆயிரம் ரூபாய் போர்டு போய்விடும். ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

8 டிசம்பர் 2024

குன்னூரிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: எங்களுக்கு ஏசியே வேண்டாம், ஆனால் மெத்தையும் புத்தகமும் ஈரம். என்ன செய்வது?

உங்கள் கேள்வி இந்த இழைக்கு வெளியே இல்லை. குன்னூரில் இப்போது 15 டிகிரி, 95 சதவீதம் என்று வைத்தால் கன மீட்டருக்கு 12 கிராம் தண்ணீர். சென்னையில் ஏசி போட்டு 24 டிகிரி, 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்த அறையிலும் அதே 12 கிராம். உங்கள் காற்றில் தண்ணீர் அதிகம் இல்லை, சூடுதான் குறைவு. அதே காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு சொட்டும் எடுக்காமலேயே 66 சதவீதமாகிவிடும். நாங்கள் தண்ணீரை எடுக்க வேண்டும், நீங்கள் சூட்டைக் கொடுத்தால் போதும்.

ஆயில் ஹீட்டர் நல்லது. தினமும் மணிக்கணக்கில் வேண்டும் என்றால் ஹாட் அண்டு கோல்டு ஏசி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். எந்த ஈரத்தைப் போக்க ஹீட்டர் வாங்கினோமோ அதையே கூட்டும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடித் தூங்குவது உயிருக்கே ஆபத்து. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர் நாட்களில் இப்படிப் போன உயிர்கள் பற்றிய செய்தி வராமல் இருப்பதில்லை. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. வீட்டில் யாருக்காவது இந்தப் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

20 ஜனவரி 2025

ஏசி என்றால் குளிர்ச்சிக்குத்தான், ஈரம் எல்லாம் பிறகு வந்த ஆராய்ச்சி என்று ஒருவர் வாதாடுகிறார். வரலாறு நேர்மாறானது. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் அமைப்பை வடிவமைத்தது நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. கோடை ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் பொருந்தாமல் போனது. அவர்கள் கேட்டது ஈரத்தைக் கட்டுப்படுத்த, குளிர்ச்சி கூடவே வந்தது. நம் ஊரில் அச்சகமும் தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் வேரூன்றியதற்கு அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். அவர்கள் விலை கொடுத்து வாங்கியதை சிவகாசிக்கு வானம் கொடுத்தது.

30 மார்ச் 2025

கோடைக்கு முன் அவுட்டோரைப் பாருங்கள். கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று அலுமினியத் தகட்டையும் செம்புக் குழாயையும் சேரும் இடத்தில் அரிக்கும். விரலால் தொட்டால் தகடு மாவாக உதிரும். நீல, தங்க நிறப் பூச்சுகள் தாமதப்படுத்தும், தடுக்காது. மாதம் ஒரு முறை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லிய வேகத்தில் ஊற்றி உப்பைக் கழுவினாலே ஆயுள் கூடும். போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால் வீண்.

கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் இருப்பவர்களுக்குப் பகை வேறு. சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுப்பாக்கித் துளைக்கும். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு சீக்கிரம் கறுக்கிறது என்றால் ஏசிக் குழாயும் அதே காற்றில்தான் இருக்கிறது. அடிக்கடி கேஸ் போகும் வீடுகளில் இதைக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவுட்டோரைத் தாங்கும் ஸ்டாண்டையும் போல்ட்டையும் பாருங்கள். துருவேறியிருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். கீழே நடப்பவர்கள் தலைக்கு மேல் 30, 40 கிலோ தொங்குகிறது.

11 மே 2025

திருவான்மியூர்க்காரர் எண்களோடு வந்திருக்கிறார். படுக்கையறையில் 1 டன், 26 டிகிரி, ஃபேன் குறைவில், கதவடியில் பட்டை. இரவு இரண்டு மணிக்கு 57 சதவீதம். அம்மா போர்வை இல்லாமல் தூங்குகிறார். இரண்டு மாத பில் 500 யூனிட்டுக்குள் நின்றதாம். நம் வாரியக் கட்டணத்தில் 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சலுகை குறைந்துவிடும் என்பதால் அது சின்ன விஷயம் இல்லை.

ஹாலில் 2 டன் பகலில் 64, மாலை 72 என்கிறார். ஒரே ஏசி, ஒரே செட்டிங், ஏன் மாலையில் கூடுகிறது? மே மாதத்தில் நண்பகல் வரை மேற்குக் காற்று வறண்டு அடிக்கும். கடற்காற்று உள்ளே வந்ததும் வெயில் தணியும், ஈரம் ஏறும். சூடு குறைவதால் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, ஈரம் கூடும் அதே நேரத்தில். அதோடு ஆறு மணிக்கு அவர் வீட்டில் சமையல் ஆரம்பம், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு இல்லை.

சார், குக்கர் வைக்கும்போது எக்ஸாஸ்ட்டைப் போட்டு சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். எக்ஸாஸ்ட் இழுக்கும் காற்று ஜன்னல் வழியாக வரட்டும், ஹாலிலிருந்து வர வேண்டாம். நடுவில் ஒரு பி.வி.சி. திரை தொங்கவிட முடிந்தால் இன்னும் நல்லது. செய்துவிட்டு மாலை ஏழு மணி எண்ணை மட்டும் ஒரு வாரம் எழுதுங்கள். 65-க்குக் கீழே வரவில்லை என்றால் ஹால் ப்ளோயரை மறுபடி திறந்து பார்க்கலாம், அதைக் கழுவி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகப் போகிறது.